ஜமீன் துப்பாக்கியின் விலை

"ஐநூறு ரூபாய்க்குள்ள ரைஃபிளோட வா. இல்லேன்னா வேலைக்கே வராதே" என்று தோட்டத்துத் துரை காவலாளி மாசாணத்தை அனுப்பியிருந்தார்.

ஜமீன்தார் தன் பழைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு ஆயிரம் கேட்டார். "பத்துக் குண்டுகூடச் சுடலைடா." கூடத்தில் இருந்த விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

மாசாணம் குண்டு இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து, அதில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் முன்வாய் வழியாக உள்ளே பார்த்தான். குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் நிறையச் சுட்டதில் தேய்ந்திருந்தன. அதைச் சொன்னால் அடிதான் விழும். மான் தலைகள் மாட்டியிருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த நாற்பது மான் தலையும் எந்தத் துப்பாக்கியில விழுந்தது, சாமி?"

"இதுலதான். எல்லாம் நானே சுட்டது."

"பத்துக் குண்டுதான்னா ஆயிரம் பெறும், சாமி. அப்போ மானைச் சுட்டது வேற யாரோ. நீங்கதான்னா ஐநூறுதான் பெறும்."

விருந்தாளிகள் ஜமீன்தாரையே பார்த்தார்கள்.

"மான் நான் சுட்டதுதான்" என்றார் அவர், ஐநூறுக்குக் கை நீட்டியபடி.