குச்சிக்கிழங்கின் குச்சி

நூலோர் மரவள்ளி என்பர். சேலத்துப் பக்கம் அது குச்சிக்கிழங்கு. விதை போடுவதில்லை, குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும். ஒரு பெயருக்குள் இவ்வளவு தாவரவியல் இருப்பதை ஆய்வகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அர்த்தனாரி அதன் மரபணுவைத் திருத்தி, தண்டில் தங்கும் மாவையும் கிழங்குக்கே இறக்கியிருந்தான். நகரத்துப் பிள்ளை. கன்றுகளைக் கண்ணாடிக் குடுவையில், சர்க்கரைக் கூழில் முளைக்க வைத்துத்தான் வயலுக்கு அனுப்புவான். கிழங்குகள் உலக்கை போல விளைந்தன.

ஒரு நாள் ஆசிரியை மெகருன்னிசாவிடம் கேட்டான்.

"மேடம், நட்ட குச்சி எத்தனை நாள்ல முளைக்குமுங்க?"

"கிழங்குக்கு டாக்டர் பட்டம் வாங்கப் போறவன் கேக்கற கேள்வியா இது? எந்தக் குச்சி?"

"நம்மளுதுங்க."

"கத்தி எடுத்துட்டு வா."

கிழங்கை நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டார். மாவிருந்தால் கறுக்கும். மையாகக் கறுத்தது. அர்த்தனாரிக்குப் பெருமை.

அதே செடியின் குச்சியை நறுக்கி ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"வேர் பிடிக்கிற வரைக்கும் குச்சி எதைத் தின்னும்?"

"குடுவையில சர்க்கரை இருக்குமுங்க..."

"வயக்காட்டுல யாரு ஊட்டுவா? உன் மாமியாரா?"

ஜன்னலோரத் தொட்டியை அவர் காட்டினார். அதில் ஒரு குச்சி கருகிச் சுருங்கி நின்றது.

"நான் நட்டதுதான். தண்ணி ஊத்தினேன். திட்டியும் பார்த்தேன்."

அர்த்தனாரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"மாமியார் காடுதான் மேடம். யாருக்கும் தெரியாம மச்சானுக்குக் குச்சி கொடுத்துட்டேன். காடு முழுக்க நட்டுட்டார். முளைக்கலைன்னு தினம் போன் பண்றார். தண்ணி விடுங்கன்னு சொல்லிட்டிருக்கேன்."

"மழை?"

"பெஞ்சு ஓஞ்சிடுச்சுங்க."

"பழைய ரகத்துக் குச்சி வெச்சிருக்காரா?"

"நான்தான் இனி எதுக்குன்னேன். அடுப்புக்குப் போயிடுச்சு."

மெகருன்னிசா கத்தியைத் துடைத்து வைத்தார்.

"நல்லா எரிஞ்சுதாமா?"

"மேடம்..."

"நம்மளுது இன்னும் நல்லா எரியும். உள்ளே ஒண்ணுமில்லை."