பந்திக்கு வந்த தண்ணி

ஒரு ஊர்ல ஒரு வீராயி இருந்தா. கண்மாய்க்கரைக்குக் கீழ, பள்ளத்துத் தெருவுல ஒரு ஓட்டு வீடு, ரெண்டு ஆடு, இடுப்புல ஒரு கைப்புள்ள. ம் கொட்டுடி தங்கம். கொட்டலைன்னா கதையை நிறுத்திருவேன்.

"ம்..."

அந்தக் கண்மாய் ஓரத்துல கலுங்குன்னு ஒண்ணு. கண்மாய் ரொம்பினா மிச்சத் தண்ணி அது வழியா சலசலன்னு வழிஞ்சு, ஓடையில இறங்கி ஆத்துக்குப் போயிரும். கலுங்கு வழியுற அன்னிக்கு ஊரே கூடிக் குலவை போட்டு, தண்ணிக்கு மஞ்சளும் பூவும் விடும்.

அப்புறம் மழை பொய்ச்சுப் போச்சு. ஒரு வருசமில்ல, ரெண்டு வருசமில்ல. கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. அப்போ ஊர்க்காரங்க, "இனிமே வர்ற தண்ணியில ஒரு சொட்டு வெளிய விடக்கூடாது"ன்னு கலுங்கைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க. வீராயியும்தான் கல்லு சுமந்தா. தாகம் அவளுக்கும்தானே! சரி, அதுகூடப் போகட்டும். ஊர்த்தலைவர் சங்கரலிங்கம் என்ன பண்ணாரு தெரியுமா? கலுங்குக்குப் பக்கத்துலயே, காஞ்சு கெடந்த ஓடையில மண்ணைக் கொட்டி, அதுமேல கல்யாண மண்டபம் கட்டிட்டாரு! சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது. மழை நாலஞ்சு வருசம் ஏமாத்தும், அப்புறம் சேத்து வெச்சுக் கொட்டும். நேத்து இன்னிக்கா நடக்குது? இப்பக் கடல் வேற சூடேறி, மழை இன்னும் முரடாயிருச்சு.

"ம்..."

அப்போ ஐப்பசி வந்துச்சு. மொத மழை, சடசடன்னு. கண்மாய் பாதி ரொம்பிருச்சு. வீராயி தலைவர்கிட்ட ஓடினா. "அண்ணே, கலுங்கைத் தெறக்கச் சொல்லுங்க."

"பாதிதானே ரொம்பியிருக்கு? போம்மா."

ரெண்டாவது மழை, மடமடன்னு. கண்மாய் முக்கால். "அண்ணே, ஓடையையாவது தோண்டி விடுங்க."

"மண்டபத்தை இடிக்கச் சொல்றியா? என் மக கல்யாணம் அங்கதான். போ, போ."

அப்புறம் மூணாவது மழை, கல்யாணத்தன்னிக்குக் காலையில. சோன்னு ஊத்துது. கண்மாய்க்கரை கசிஞ்சு, பொத்துப் பொத்துன்னு மண்ணு சரியுது. கரை உடைஞ்சா பள்ளத்துத் தெருவே இருக்காது. வீராயி சொட்டச் சொட்ட நனைஞ்சு மண்டபத்துக்கு ஓடினா. பன்னீர் தெளிச்சுக்கிட்டிருந்த தலைவர், "முகூர்த்த நேரத்துல அபசகுனமா பேசாத"ன்னு வெரட்டிட்டாரு. இவளுக்குப் புள்ள உசுரு, அவருக்குச் சகுனம்! பாத்தியா நியாயத்தை?

வீராயி புள்ளைய அடுத்த வீட்டுக்காரிகிட்ட குடுத்தா. கடப்பாரைய எடுத்துக்கிட்டுக் கலுங்குக்கு ஓடினா. நங்கு நங்குன்னு, தான் சுமந்த கல்லைத் தானே பேத்தா. அதைப் பாத்துத் தெரு சனமும் கூட எறங்குச்சு. குபுகுபுன்னு தண்ணி பாஞ்சுது. கரை தப்பிச்சுது.

பாஞ்ச தண்ணி எங்க போகும்? பழைய ஓடைத் தடத்தைப் பிடிச்சு நேரா மண்டபத்துக்குள்ள! வாழை இலை மெதக்குது, சாம்பார் வாளி மெதக்குது, மாப்பிள்ளை செருப்பு மெதக்குது. சனமெல்லாம் தடதடன்னு மாடியில ஏறிருச்சு.

மாடியில இருந்து தலைவர் கலுங்கைப் பாத்துக் கத்தினாரு: "அடியே! என் மக பந்தியில தண்ணிய விட்டுட்டியேடி!"

வீராயி கடப்பாரைய ஊனிக்கிட்டு நிமுந்து பாத்தா. "தண்ணி போற பாதையில நீங்கதான்ணே பந்தி போட்டீங்க."



அப்புறம் என்ன, தண்ணி வடிஞ்சதும் ஊரே சேந்து மண்டபத்தைப் பேத்து ஓடையத் தோண்டினாங்க. கலுங்குல செங்கலுக்குப் பதிலா, ஏத்தி எறக்குற மாதிரி பலகை போட்டாங்க. அடுத்த ஐப்பசியில கலுங்கு வழிஞ்சப்போ, மொதப் பூவை வீராயிதான் விட்டா. பூ ஒரு எடத்துலயும் நிக்காம ஆத்துக்குப் போய்ச் சேந்துச்சு.

ம் சத்தத்தைக் காணோமே... தண்ணி ஆத்துக்குப் போச்சு, கதை வீட்டுக்குப் போச்சு. தூங்குடி தங்கம். என் கோவம்தான் இன்னும் போகல.