மூன்று வரித் திருத்தம்

பூங்கோதைக்கு நாற்பத்தாறு வயது. அவள் குருவென்று நினைத்திருந்த சேர்மராஜுக்கு முப்பத்து மூன்று. இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

கல்லூரியில் படிக்கும்போதே சேர்மராஜ் ‘சில்லு’ என்றொரு நிரல் தொகுப்பை எழுதிப் பொதுவில் வைத்திருந்தான். சிறு மின் கருவிகளை உள்ளிருந்து இயக்கும் கணினி நிரல் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். ஈரோட்டில் பால் குளிரூட்டும் தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் பூங்கோதை வேலை பார்த்தாள். அந்தத் தொட்டிகளிலும் சில்லுதான் ஓடியது. ஒன்பது வருஷமாக அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் குறிப்பையும் படித்தே தொழில் கற்றாள்.

ஒரு திங்கட்கிழமை ரயிலேறித் தென்காசிக்கு வந்து அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெயரைச் சொன்னாள்.

“வாங்கக்கா. என்ன விஷயம்?”

“போன மாசம் நீங்க போட்ட திருத்தம்.”

அவன் முகம் மாறியது. “ஆக்சிஜன் மெஷினா?”

“ஆமாங்க.”

சில்லு நேரத்தை ஓர் எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். கருவி நிற்காமல் ஓடினால் ஐம்பதாவது நாள் அந்த எண் நிரம்பி, மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதை நிரலின் ஒரு வரி கவனிக்கத் தவறியிருந்தது. அதற்குப் பிறகு கருவியின் எச்சரிக்கை மணி அடிக்காது. சில்லு ஓடும் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்த ஒரு வீட்டில் நோயாளி ஒருவருக்கு ஆக்சிஜன் குறைந்தது. மணி அடிக்கவில்லை. அடுத்த அறையில் மகள் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“அந்தப் பிழைய நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சேனுங்க. எங்க தொட்டி ஒண்ணுல மணி அடிக்கல, பால் கெட்டுப்போச்சு. பத்து நாள் உக்காந்து தேடுனேன். மூணு வரிதான். நீங்க இப்ப எழுதியிருக்கற அதே மூணு வரி.”



“ஏன் அனுப்பல?”

“நேரமே இல்லீங்க.”

அவன் அவளையே பார்த்தான்.

“இங்கிலீஷ்ல விளக்கி எழுதோணும். தப்பா எழுதுனா உலகத்துல இருக்கறவங்கெல்லாம் பாத்துச் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்.”

“எனக்குத் தமிழ்ல எழுதியிருக்கலாம்லா?”

“எழுதியிருக்கலாமுங்க.”

ஜன்னலுக்கு வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“அதுவும் நெசமில்லீங்க. எங்க தொட்டி சரியாயிருச்சு. அதோட மறந்துட்டேன்.”

அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடிக்கவில்லை.

“இறந்தவரோட பொண்ணப் போய்ப் பாத்தேன்” என்றான். “பிழையான வரிய எழுதினது நான்தான்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மெஷின எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, எடத்த அடைக்குதுன்னாங்க.”

“நானும் போய்ச் சொல்லட்டுங்களா? எனக்கு முன்னாடியே தெரியும்னு?”

“சொன்னா அவங்களுக்கு என்ன ஆகும்?”

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். திருத்தத்தை விளக்கி அவனுக்கு இங்கிலீஷில் எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம் அதில் அப்படியே இருந்தது. அவன் பக்கம் திருப்பி வைத்தாள். “இதைப் பாருங்க. பாதி நாள் எழுதி எழுதி அழிச்சேன்.”

அவன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தான். மறுபடியும் ஒருமுறை படித்தான்.

“இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு” என்றான்.

அதைக் கேட்டதும் அவள் உடைந்து அழுதாள். அவன் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“நான் இனி என்ன பண்றதுங்க?”

“சில்லை உங்க கம்பெனிக்குன்னு ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?”

“ஆமாங்க.”

“அதுல எனக்கு அனுப்பாத திருத்தம் இன்னும் எத்தனை இருக்கு?”

பூங்கோதை நிமிர்ந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பிரதியைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பாதியில் கை நின்றது. பிறகு மீதியையும் எண்ணினாள்.

“பதினாலு.”

சேர்மராஜ் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். தன் கணினியின் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டான்.

“ஒண்ணாவதுலயிருந்து சொல்லுங்க” என்றான். “தமிழ்லயே சொல்லுங்க.”