‘தம்’ சொல்லாத வாத்தியார்

சுபேதார் கொம்பையா குரல் கொடுத்தால் மூன்று மைலுக்கு அப்பால் மேயும் எருமைகளும் இடது காலைத்தான் முதலில் எடுத்து வைக்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து என்.சி.சி. பிள்ளைகளுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் படைக்குப் பொறுப்பாகப் போடப்பட்ட வரலாற்று ஆசிரியர் தில்லைநாயகத்துக்கும் அவர்தான் குரு.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தில்லைநாயகம் சட்டைப் பையில் ஒரு தாளோடு வந்தார்.

“ஐயா, நம்ம பள்ளிக்கு என்.சி.சி. வேணுமா வேண்டாமான்னு நாலு மணிக்குள்ள என்னை எழுதித் தரச் சொல்லிட்டாங்க ஹெச்.எம். வேண்டாம்னா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் வாங்கிக்கக் காத்திருக்கு.”

“என்ன எழுதினீங்க?”

“வேண்டாம்னு எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.”

“அப்படியா.”

“காலையில வகுப்புல எதையும் ஏன்னு கேளுங்கன்னு சொல்றேன். சாயங்காலம் மைதானத்துல ஏன்னு கேக்காம நடங்கன்னு கத்துறேன். ரெண்டுல ஒண்ணு பொய்யில்லையா, ஐயா?”

சுபேதார் மைதானத்து உருளைக் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

“ஒரு தடவை ஒரு படைக்கு ‘தேஜ் சல்’ சொன்னேன். நடந்தாங்க. ‘தம்’ சொன்னாத்தானே நிக்கணும்? சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு ஈ உள்ள போயிருச்சு. அதை முழுங்கி முடிக்கிறதுக்குள்ள படை கேட்டைத் தாண்டிருச்சு.”

“அப்புறம்?”

“போய்க்கிட்டே இருந்தாங்க. ரெண்டு ஆறு, ஒரு மலை. வழியில ஊர்க்காரங்க புளிச்சோறு கொடுத்தாங்க, நடந்துக்கிட்டே சாப்பிட்டாங்க. ஒரு கிழவர் ரோட்டுல எள்ளு காயப்போட்டிருந்தாரு, அதையும் மிதிச்சிட்டுப் போனாங்க. கடைசியில கடல் வந்துச்சு.”

“கடல்ல நின்னாங்களா?”

“எங்க நின்னாங்க? கடல்தான் ஒதுங்கிப் போச்சு.”

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. “நான் பயப்படுறதும் அதுக்குத்தான், ஐயா.”

“சரி. படையைக் கூப்பிடுங்க. ‘தேஜ் சல்’ சொல்லுங்க. அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.”

முப்பத்து மூன்று பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். முன்னால் வலது ஓரத்தில் ஒன்பதாம் வகுப்பு ஜெனிபா. ஆசிரியர் கட்டளை கொடுத்தார். படை நடந்தது. பூட்ஸ் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

அப்போதுதான் அவர் பார்த்தார். மைதானத்தின் கடைசியில், வண்டு விழுந்த பருப்பைச் சத்துணவு ஆயா வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்திருந்தார். திங்கட்கிழமைச் சாம்பார் அது.

“ஐயா, பருப்பு.”

“தெரியுது.”

“மிதிச்சிருவாங்க.”

“ஈ முழுங்கிட்டீங்கன்னு நினைச்சுக்குங்க.”

பத்தடி இருந்தது. ஐந்தடி. தில்லைநாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தாளைக் கசக்கினார்.

துணிக்கு ஒரு முழம் இருக்கும்போது ஜெனிபாவின் கால் முன்னே போகவில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்கியது. பக்கத்து இருவரும் அப்படியே. அடுத்த எட்டில் அவர்களுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே காலை மாற்றினார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் இடிக்கவில்லை. ஒரு பருப்பும் நசுங்கவில்லை.

ஆசிரியர் ஓடினார். சுபேதார் மெதுவாகப் பின்னால் வந்தார். படை காலை நிறுத்தவில்லை.

“யார் சொல்லி நின்னே, ஜெனிபா?”

“யாரும் சொல்லல சார். பருப்பு கெடந்துச்சு.”

படையின் கடைசி ஆள் முத்துக்காளை. அவன் உயரத்துக்கு முன்னால் இருப்பவன் கழுத்துதான் தெரியும். ஆசிரியர் அவனிடம் போனார்.

“உனக்குப் பருப்பு தெரிஞ்சுதாடா?”

“இல்ல சார்.”

“பின்னே ஏன் நின்னே?”

“ஜெனிபா நின்னா ஏதாவது இருக்கும் சார்.”

தில்லைநாயகம் திரும்பி வந்து குருவின் அருகில் நின்றார்.

“ஐயா, அந்தக் கதையில எது நிஜம்?”

“கடல் பொய். மலையும் பொய். புளிச்சோறு யாரும் கொடுக்கல.”

“எள்ளு?”

“எள்ளு நிஜம். ஈயை முழுங்கினது எங்களுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத். அந்தப் படையில முன்னால வலது ஓரம் நான். முதல்ல மிதிச்சது என் பூட்ஸ்தான்.”

ஆசிரியர் கசங்கிய தாளை எடுத்துப் பார்த்தார். அதை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“இருக்கட்டும்னு புதுசா எழுதப்போறேன். ஆனா ஹெச்.எம். காரணம் கேப்பாங்களே, ஐயா. என்னன்னு எழுத?”

சுபேதார் பதில் சொல்வதற்குள், காலை மாற்றிக்கொண்டே, பார்வையை நேரே வைத்தபடி ஜெனிபா கேட்டாள்.

“சார், நீங்க ஏன் தம் சொல்லல?”

அவள் கேள்வி படை முழுக்கக் காதில் விழுந்தது. முப்பத்து மூன்று இடது கால்கள் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. தில்லைநாயகம் சுபேதாரைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்குறீங்க, வாத்தியாரே? உங்க பிள்ளை ஏன்னு கேக்குது. தம் சொல்லி நிறுத்திட்டு, அதுக்குப் பதில் சொல்லுங்க.”