புளியில் கழுவிய சைகோன் காசு

"தம்பி, நான் வந்து ஒரு மழைக்காலமே போயிடுச்சு. இன்னும் ஒரு காசைக்கூட என் வாயால விலை பேச விடலை நீங்க," என்றார் வைரக்கண்ணு.

ஜெகபர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காசு முகத்துல விரல் படாம, விளிம்பைப் பிடிச்சு எடுக்க வந்துடுச்சா அண்ணே?"

"காசைப் பிடிக்கக் கத்துக்கவே இத்தனை நாளா?"

"மாட்டைப் பிடிக்க எத்தனை நாள் ஆச்சு?"

"மாடு உதைக்கும். அதனால சீக்கிரம் கத்துக்கிட்டேன்."

"காசு உதைக்காது. அதான் நாள் ஆகுது."

காரைக்கால் கடைத்தெருவில் பழைய வெளிநாட்டுக் காசு வாங்கி விற்கிறவர் ஜெகபர். வைரக்கண்ணு மாட்டுத் தரகராக இருந்தவர். துண்டுக்கடியில் விரலைத் தொட்டே விலையை முடிப்பார். ஒரு காளை உதைத்து முழங்கால் போயிற்று. உட்கார்ந்து செய்கிற வியாபாரமாகப் பார்த்து, மகன் வயதுக்காரரிடம் தொழில் கற்க வந்தார்.

கால்தான் நொண்டியது. கோபம் நொண்டவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ரொசாலி என்கிற அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார்.

"பாய், இதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கப்பா சைகோன்ல பாங்குக்குக் காவல் இருந்தவர். அவர் கொண்டாந்தது. விலை போகுமா, பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணுமா?"

ஜெகபர் தட்டில் கொட்டினார். செம்புக்காசு கொஞ்சம். மீதியெல்லாம் பெரிய பெரிய வெள்ளிக்காசு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வருஷம். பழுப்பேறிக் கிடந்தன.

"மொத்தமா ஒரு விலைன்னு யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க அக்கா. நான் கேட்டாலும் சரி. பிரிச்சுப் பார்க்கணும். செம்பு பெரிசாப் போகாது. இந்த வெள்ளியைத் தேடுற ஆள் புதுச்சேரியில இருக்கார். எடைக்குப் போட்டா வர்றதைப்போலப் பல மடங்கு கொடுப்பார்."

ரொசாலி அம்மாவின் முகம் தெளிந்தது.

"புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம் பாய். நல்ல நேரத்துலதான் வந்திருக்கேன். எல்லாத்தையும் வித்துடுங்க. இது ஒண்ணு மட்டும் எனக்கு."

விரலால் ஒன்றைத் தள்ளி வைத்தார். மற்றவை பழுப்பு. இது அடுப்புக்கரி.

"இதுல என்ன விசேஷம்?" என்றார் வைரக்கண்ணு.

"அப்பா இடுப்பு முடிச்சுலேயே கிடந்தது. வேலைக்குப் போறப்பவும் அதுதான், படுக்கிறப்பவும் அதுதான். வேர்வையில இப்படிக் கறுத்துடுச்சு. கல்யாணத்தன்னைக்கு நான் இதை முடிஞ்சுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். பேத்தி கல்யாணத்துக்கு அவரும் வந்த மாதிரி."

சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

ஜெகபர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வர்றேன். பிரிச்சு மட்டும் வைங்க அண்ணே."

வைரக்கண்ணு பிரித்தார். விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தார். செம்பு ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம், கறுப்பு தனியே.

பிரித்ததைப் பார்த்தார். மனசு ஆறவில்லை.

சந்தைக்குப் போகிற மாட்டைச் சாணியோடு ஓட்டிப் போகிறவன் உண்டா? குளத்தில் இறக்கித் தேய்த்து, கொம்பு சீவி, எண்ணெய் தடவினால்தான் வாங்குகிறவன் கண் நிற்கும். இதுவோ கல்யாண வீட்டுக் காரியம்.

கெடுதல் செய்கிறவன் பத்துத் தடவை யோசிப்பான். நல்லது செய்கிறவனுக்கு யோசனை எதற்கு?

பக்கத்து மெஸ்ஸில் புளியும் சாம்பலும் வாங்கி வந்தார். கறுப்பைத்தான் முதலில் எடுத்தார்.

"கோயிலுக்குப் போற காசு நீ. நீதான் பளிச்சுன்னு இருக்கணும்."

கட்டைவிரல் எரிகிற மட்டும் தேய்த்தார். பிறகு மற்றவை. எல்லாவற்றையும் தன் துண்டில் பரப்பிக் காயப்போட்டார். துண்டே வெயிலாக மின்னியது.

ஜெகபர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எப்படி?" என்றார் வைரக்கண்ணு.

ஜெகபர் உள்ளே வந்தார். லென்ஸை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். மேசைக்கடியிலிருந்து தராசை எடுத்து மேலே வைத்தார்.

"தராசு எதுக்கு தம்பி?"

"இனிமே இதுக்கு இதுதான். அந்தப் பழுப்புக்குத்தான் விலை. தேய்ச்ச காசைப் புதுச்சேரிக்காரர் கையால தொடமாட்டார். உருக்கத்தான் போகும்."

வைரக்கண்ணு எழுந்து நின்றார்.

"கழுவாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? இத்தனை நாளா விளிம்பைப் பிடி, விளிம்பைப் பிடின்னு..." குரல் எதிர்க்கடை வரைக்கும் போயிற்று.

"சொல்லலை," என்றார் ஜெகபர். "முதல்ல பிடிக்க வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

சண்டைக்கு நிற்கிறவனிடம் தப்பை ஒத்துக்கொண்டால், அவன் எங்கே போவான்? வைரக்கண்ணு உட்கார்ந்துவிட்டார்.

ஜெகபர் துண்டைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த அக்காவோட காசு எது?"

வைரக்கண்ணு குனிந்தார். ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நூறு மாட்டு மந்தையில் தான் விற்ற மாட்டை அடையாளம் சொன்னவர்.

நிமிரவேயில்லை.

சாயங்காலம் ரொசாலி அம்மா வந்தார். தட்டைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரோட காசு பாய்?"

மாட்டுத் தரகராக இருந்த அண்ணன் மாட்டைப்போலக் காசையும் கழுவிவிட்டதை, ஜெகபர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

ரொசாலி அம்மா ஒரு காசை எடுத்து மூக்கில் வைத்தார். இன்னொன்றை வைத்தார்.

"எல்லாம் ரசம் மணக்குது," என்றார்.

வைரக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுதாம்மா அது. எனக்கு மறக்குமா?"

சந்தையில் இப்படிச் சொல்லித்தான் எத்தனையோ மாட்டைத் தலையில் கட்டியிருக்கிறார். குரல் பிசகவில்லை.

ரொசாலி அம்மா காசைப் பார்க்கவில்லை. வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்வீங்களாமே. இதுக்கு எதைப் பார்த்துச் சொன்னீங்கண்ணே?"

நீட்டின கை இறங்கியது.

"நான் வேணா ஒண்ணு பண்றேன்மா. புதுச்சேரிக்காரர் கொடுக்கிற விலையை நான் கொடுத்துடறேன். பேரமே பேசலை. காசு எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க. இதுல ஒண்ணு அதுதானே?"

"டப்பாவோட வச்சுக்கிட்டா அது டப்பாண்ணே. இடுப்புல முடிஞ்சுக்கிட்டாத்தான் அப்பா."

வைரக்கண்ணு கையிலிருந்த காசைத் தட்டில் வைத்தார்.

"எடை போட்டுக் கொடுத்துடுங்க பாய். எல்லாத்தையும்," என்றார் ரொசாலி அம்மா.

தராசு ஏறி இறங்கியது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். டப்பாவை மறந்துவிட்டாரோ, வேண்டாமென்று விட்டாரோ.

வைரக்கண்ணு தன் மடிப்பணத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"அதுல ஒரு காசை எனக்குக் கொடுங்க தம்பி. எதுவா இருந்தாலும் சரி."

ஜெகபர் பணத்தைத் தொடவில்லை. ஒரு காசை, விளிம்பைப் பிடித்து, எடுத்துக் கொடுத்தார்.

"போன கறுப்பு திரும்பி வருமா தம்பி?"

"வரும். இடுப்புல முடிஞ்சுக்கங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"அந்த அக்காவோட அப்பாவைக் கேளுங்க."