அடுத்த வீட்டில் ரூட் ஏன் யாருமில்லை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்களுக்கு வாய் இருந்தது. அதிலும் யூனிக்ஸ் சர்வர்கள் ஓயாமல் பேசும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அப்படி இரண்டு சர்வர்கள் இருந்தன. பெரியதற்குச் சுறா என்று பெயர், சின்னதற்கு நெத்திலி.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஓர் எஜமான் குடியிருப்பார். எந்த சர்வரானாலும் அவர் பெயர் ரூட், அவருடைய எண் பூஜ்யம். பூஜ்யம்தானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. மற்றவர்கள் போட்ட பூட்டெல்லாம் அவர் கைபட்டால் திறந்துகொள்ளும். எஜமானுக்குப் போய் பூஜ்யத்தை யார் கொடுத்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சுறாவின் ரூட்டுக்கு விசாலமான வீடு, நிதானமான சுபாவம். நெத்திலியின் ரூட்டுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. அதனால் சுத்தம் என்றால் அவருக்கு ஒரு வெறி. போகி வந்தால் துடைப்பத்தோடு அறை அறையாகப் போவார். ஒரு வருஷமாக யாரும் திருத்தாத ஃபைல் கண்ணில் பட்டால் அதற்கு ஆயுள் முடிந்தது.

அந்த நிலையத்தில் ஜெசிந்தா என்றொரு பெண் வேலை பார்த்தாள். கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகளைப் பல வருஷமாகக் கவனித்து, எங்கெங்கே கூடு வைத்தன என்பதைச் சுறாவில் ஒரு டைரக்டரியில், அதாவது ஃபைல்களை அடுக்கும் அலமாரியில், எழுதி வைத்திருந்தாள். ஆமைகள் ஏறிவரும் அதே இடத்தில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிச் சுவர் எழுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ஆமை இங்கதான் வருதுன்னு வருஷாவருஷம் எடுத்த கணக்கைக் காட்டும்மா, சுவரைத் தள்ளிக் கட்டுறோம்" என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அவள் மேஜையோ நெத்திலியோடு இணைந்திருந்தது. ஒரு வரி பார்க்கவும் சுறா இருக்கும் அறைக்கு ஓட வேண்டியிருந்தது.

"இங்கேயே பார்க்க ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று நெத்திலியிடம் கேட்டாள்.

நெத்திலியின் ரூட் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினார். "அண்ணே, ஜெசிந்தாவோட ஆமை டைரக்டரியை எங்க பக்கமும் கொஞ்சம் திறந்துவிடுங்களேன்."

"அதுக்கென்ன தம்பி, தாராளமா" என்றார் சுறாவின் ரூட். டைரக்டரியைப் பகிர்ந்துவிட்டார்.

நெத்திலியின் ரூட் தன் வீட்டில் காலியாகக் கிடந்த ஓர் அறையைத் தேர்ந்து, அதில் அந்த டைரக்டரியை மவுண்ட் செய்தார், அதாவது அறைக் கதவோடு பொருத்தினார். வேடிக்கை இங்கேதான். ஒரு ஃபைல்கூட இடம் மாறவில்லை, எல்லாம் சுறாவின் டிஸ்கிலேயே இருந்தது. ஆனால் நெத்திலியின் அந்த அறைக்குள் கால் வைத்தவர் சுறாவின் வீட்டுக்குள் நின்றார். நடுவில் கோடு கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. அந்த அறை யாருடையது என்பது கொஞ்ச நாளில் வீட்டுக்காரருக்கே மறந்துபோகும்.

மறந்துதான் போனது. போகியன்று நெத்திலியின் ரூட் பெருக்கிக்கொண்டே அந்த அறைக்குள் நுழைந்தார். சுறாவின் வீட்டுக்குள் யார் வந்தாலும் விசாரித்து விடும் காவலாளி, வழக்கம்போல எண்ணை மட்டும் கேட்டார்.

"எண்?"

"பூஜ்யம்."

தன் எஜமான்தான் வருகிறார் என்று எண்ணிக் காவலாளி வழிவிட்டார். ஜெசிந்தா பூட்டி வைத்திருந்த பழைய ஃபைல்கள் அத்தனையும் திறந்துகொண்டன, அத்தனையும் குப்பைக்குப் போயின. கடைசியாக முடிந்த முட்டையிடும் பருவத்தின் கணக்கு மட்டும் புதிதாக இருந்ததால் தப்பியது.

பொங்கல் முடிந்து வந்த ஜெசிந்தா திரையைப் பார்த்து அழுதுவிட்டாள். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நிலையத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

"பூஜ்யம்னு சொன்னாரு, நீங்கன்னு நினைச்சுட்டேன்" என்றார் காவலாளி, சுறாவின் ரூட்டிடம்.

"என் வீட்டைத்தானே பெருக்கினேன்..." என்று இழுத்தார் நெத்திலியின் ரூட்.

அதிகாரிகளும் இரங்கவில்லை என்று சொல்ல முடியாது. "ஒரு பருவத்தை வெச்சு எப்படிம்மா நம்புறது? அடுத்த பருவமும் எண்ணு. ரெண்டையும் சேர்த்து அடுத்த பொங்கல் முடிஞ்சதும் கொண்டா. அதுவரைக்கும் கல்லு இறக்கல" என்றார்கள். ஜெசிந்தா மறுபடி கரையில் நடக்கத் தொடங்கினாள்.

சுறாவின் ரூட் கோபத்தோடு, நெத்திலிக்குத் திறந்துவிட்ட கதவை மூடப் போனார்.

"மூடாதீங்க அண்ணே. மூடினா அந்தப் பொண்ணு மறுபடி உங்க அறைக்கு ஓட வேண்டியிருக்கும்" என்றார் நெத்திலியின் ரூட். "அவ எண்ணைச் சொல்லி வந்தா அவளை அவளாவே விடுங்க. நான் இந்தக் கதவு வழியா பூஜ்யம்னு சொல்லி வந்தா மட்டும், யாருமில்லைன்னு காவலாளியை எழுதிக்கச் சொல்லுங்க."

"தம்பி, உனக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லையா?"

"என் கையை எனக்கே நம்ப முடியலண்ணே."

அடுத்த போகி வந்தது. பழக்கம் லேசில் போகுமா? துடைப்பத்தோடு அறை அறையாக வந்தவர் அந்த அறைக்குள்ளும் நுழைந்துவிட்டார். போன முறை தப்பிய பருவத்தின் கணக்கு இப்போது பழசாகியிருந்தது.

"எண்?"

"பூஜ்யம்."

"அப்படின்னா நீங்க யாருமில்லை" என்றார் காவலாளி.

"யாரைப் பார்த்து என்ன பேச்சு! நான் ரூட்!" என்று கத்தியபடி ஃபைலைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. 'அனுமதி இல்லை' என்று மட்டும் பதில் வந்தது. வாழ்நாளில் அவர் கேட்டிராத பதில் அது. ஆத்திரத்தோடு குனிந்து ஃபைலின் பெயரைப் படித்தார். 'ஆமை' என்று இருந்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பொங்கல் முடிந்ததும் ஜெசிந்தா இரண்டு பருவங்களின் கணக்கையும் கொண்டுபோய்க் காட்டினாள். சுவர் தெற்கே தள்ளிப் போனது. ஆமைகள் வந்த வழியே வந்துகொண்டிருந்தன.

அந்தப் போகியிலிருந்துதான், தன் வீட்டில் எந்தப் பூட்டையும் திறக்கிற ரூட், மவுண்ட் செய்த கதவைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் கால் வைத்ததும் யாருமில்லாதவராக ஆகிவிடுகிறார்.