எடுத்த நிழல்

"ரெண்டும் சேர்ந்து வரமாட்டேங்கு டீச்சர்" என்றார் தாணுமூர்த்தி.

சங்குத்துறைக் கடற்கரையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஞாயிறுதோறும் விடியலில் படமெடுக்க வருகிற அந்தச் சின்னக் கூட்டம், கேமராக்களைப் பைக்குள் வைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

தாணுமூர்த்தி அன்றைக்கும் தாமதம்தான். சூரியன் எழும்புவதை மற்றவர்கள் எடுத்து முடித்த பிறகே வந்து சேர்ந்தார். அவர் பை திறக்கப்படவே இல்லை.

கிளாரிஸ் டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "எது ரெண்டும்?"

"சன்னலும் சிவகாமியும்."

கிளாரிஸ் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வயதில் தாணுமூர்த்திக்கு ரொம்பவே இளையவள். மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற கையோடு ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு அவர் அவளைத் தேடி வந்தார். எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கூட்டத்தில் அவரை 'சீடப்பிள்ளை' என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சிவகாமி அவர் மனைவி. ஆடி மாதத்தில் ஒருநாள் அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விளங்காமல் போயின. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுபோனது. அதுமுதல் பூதப்பாண்டி வீட்டில், சன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அவ முகத்துக்கு வெளிச்சம் வச்சா, சன்னல் வெள்ளைத் தாளாட்டம் வெளுத்துப் போயிருது. மலைக்கு வச்சா இவ வெறும் கறுப்பு. என்ன செய்ய?"

மருந்துக்கடை ஜெபசிங் முந்திக்கொண்டார்.

"கேமராவுல டைனமிக் ரேஞ்ச் பத்தல அண்ணாச்சி. இருட்டு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம், ரெண்டையும் சேத்துப் பிடிக்க அதுக்கு அவ்வளவுதான் சக்தி. ஒண்ணு புதுசு வாங்கணும். இல்லேன்னா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு மூணு எக்ஸ்போஷர் எடுத்து ஒண்ணா ஒட்டணும்."

"ஒட்டிப் பாத்தாச்சு."

"ஒட்டினா அது பொம்மைப் படமாக்கும்" என்றார் நூகு. கோட்டாறில் துணிக்கடை வைத்திருப்பவர். "வெளிச்சம் நெசமா இருக்கணும். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படி."

"கண்ணுக்கு ரெண்டும் தெரியத்தானே செய்யுது?"

"ஒரே நேரத்திலயா தெரியுது? மலையப் பாக்கும்போது மலை. ஆளப் பாக்கும்போது ஆளு. நடுவுல கண்ணு என்ன பாடுபடுதுன்னு நமக்குத் தெரியாது."

ஜெபசிங் விடவில்லை. ஃபிளாஷை மேற்கூரையில் அடித்துத் திருப்பலாம் என்றார். அது பொய் வெளிச்சம் என்றார் நூகு. எந்த வெளிச்சம்தான் பொய் இல்லை என்றார் ஜெபசிங். பேச்சு அவர்கள் இருவருக்குள்ளும் போய்விட்டது.

தாணுமூர்த்தி அதைக் காதில் வாங்கவில்லை. இருட்டிலேயே எழுந்து சிவகாமிக்கு உடம்பு துடைத்து, சேலை மாற்றி, கஞ்சி புகட்டி, மைத்துனி வந்து உட்கார்ந்த பிறகு புறப்பட்டு வந்தவர். கண் எரிந்தது. கடலைப் பார்த்தால் இன்னும் எரிந்தது.

"ஒட்டின படத்தைக் காட்டுங்க" என்றாள் கிளாரிஸ்.

செல்போனை நீட்டினார்.

வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல மணி என்ன?"

"காலைல எடுத்தது டீச்சர். ஒரு எட்டு இருக்கும்."

"எடுத்த நேரத்தைக் கேக்கல. படத்துக்குள்ள என்ன நேரம்?"

தாணுமூர்த்தி வாங்கிப் பார்த்தார். மலையில் ஒவ்வொரு மரமும் தெரிந்தது. சிவகாமியின் முகம் பளிச்சென்று இருந்தது. நாற்காலிக்கு அடியில்கூடத் தரை துலங்கியது. காலையா, உச்சியா, சாயங்காலமா, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"தெரியல" என்றார்.

"அக்கா முகத்துல நிழல் இருந்திருக்குமே."

"இருந்தது. எடுத்துட்டேன்."

"எடுத்து எங்க வச்சிய?"

ஜெபசிங் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச டீயைக் குடித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது தாணுமூர்த்திக்கு அந்தக் கேள்வி மேல் எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டரில் எடுத்த நிழலை எங்கே வைக்க முடியும்? பெரிய கேள்வி. ஒரு வழி சொல்லித் தந்திருந்தால் பிரயோசனமாக இருந்திருக்கும்.

படம் அவருக்காக அல்ல. ஸ்ரீகண்டனுக்காக.

ஒரே மகன். டொராண்டோவில் இருக்கிறான். அவன் போய் வேலையில் நிலைத்த கொஞ்ச நாளில்தான் சிவகாமி விழுந்தாள். 'லேசான பக்கவாதம், தேறிட்டு வாறா' என்று தாணுமூர்த்தி சொல்லிவிட்டார். உள்ளது உள்ளபடி சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவான். வந்தால் திரும்பிப் போவானா என்பது நிச்சயமில்லை.

அவன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அம்மா தூங்கினாள். இல்லாவிட்டால் நெட் சரியில்லை. அதற்குப் பதிலாக வாரம் ஒரு படம் போனது. விளங்காத கை சேலைக்குள் இருக்கும். இழுத்துக்கொண்ட வாய் மறுபக்கம் திரும்பியிருக்கும். கண்ணுக்கடியில் இருந்த கருமையைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கிவிடுவார்.

"அம்மா முகம் முன்னைக்கு இப்ப தெளிவா இருக்குப்பா" என்பான் மகன்.

சன்னலோரம் அம்மா உட்கார்ந்திருக்க, பின்னால் மலை தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், பெரிதாகப் போட்டு மாட்டப் போகிறேன் என்று கேட்டவனும் அவன்தான்.

வீட்டுக்கு வந்து மைத்துனியை அனுப்பிவிட்டு, தாணுமூர்த்தி மறுபடியும் கேமராவை எடுத்தார்.

சன்னல் திரையைப் பாதி இழுத்தார். வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றை நாற்காலிக்கு எதிரே சாய்த்து வைத்தார். சிவகாமியின் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து முந்தானையால் மூடினார்.

"இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினாள்.

"அவ்வளவு வேண்டாம். கொஞ்சம் அங்க."

திரும்பினாள்.

"வாயை மூடிக்கோ."

சிவகாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

கேமராவை இறக்கினார். "எனக்கா எடுக்கேன்? பிள்ளைக்குத்தானே" என்றார். அதட்டத் தெம்பு இல்லை. குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"வேண்டாம்" என்றாள் சிவகாமி. அவளிடம் மிஞ்சியிருந்த சொற்களில் அது ஒன்று.

தாணுமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்தார். அடுப்பில் அரிசி கொதிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது. எழும்ப முடியவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்தார். "ஒருநாள் நீங்களே வந்து எடுத்துத் தாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல."

"வாறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போகாமல் நேரே பூதப்பாண்டிக்கு வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஆரஞ்சுப் பழங்கள்.

"கேமரா எங்க டீச்சர்?"

"உங்ககிட்ட இருக்குல்லா?"

சிவகாமிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பழத்தை உரித்தாள். ஒவ்வொரு சுளையாகச் சிவகாமி கையில் கொடுத்தாள். இருவரும் மலையைப் பார்த்தபடி தின்றார்கள்.

தாணுமூர்த்தி டிரைபாடை விரித்தார். இடம் மாற்றினார். தெர்மாகோலைத் தேடினார். "இந்த வெளிச்சம் போயிரும் டீச்சர்" என்றார்.

"போவட்டும்."

கடைசிச் சுளையும் தீர்ந்தது. கிளாரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு சிவகாமியிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஒரு படம் எடுக்கியளா?"

சிவகாமி அவளைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"அவளா?" என்றார் தாணுமூர்த்தி. "அவளுக்கு எப்படி டீச்சர்? கை…"

"ஒண்ணு இருக்குல்லா."

கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து சிவகாமியின் மடியில் வைத்தாள். டிரைபாடிலிருந்து கேமராவைக் கழற்றித் தலையணைமேல் வைத்தாள். படமெடுக்கும் பொத்தான் கேமராவின் வலதுபக்கம் இருந்தது. சிவகாமி இடது கையை மேலாகக் குறுக்கே கொண்டுவந்து விரலால் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தாள்.

"நீங்க எதிர்ல உக்காருங்க" என்றாள் கிளாரிஸ்.

"எதுக்கு? நானா?"

"வேற யாரு இருக்கா?"

"அப்போ எக்ஸ்போஷராவது பாத்து வச்சுட்டு…"

"இருக்கட்டும்."

"சட்டையாவது மாத்திட்டு வாறேன்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. உக்காருங்க."

உட்கார்ந்தார். சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. படத்துக்கு என்று ஒரு சிரிப்பை வரவழைத்து வைத்துக்கொண்டார்.

சிவகாமி அவசரப்படவில்லை. கேமரா தலையணையில் சரிந்தது. நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தது. அப்படியே விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பைப் பிடித்துவைக்க முடியவில்லை. முதலில் உதடு தளர்ந்தது. பிறகு தோள் இறங்கியது. அவள் எப்போது எடுப்பாள் என்று காத்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் அதையும் மறந்து சும்மா இருந்தார். இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

அப்போது 'க்ளிக்' கேட்டது.

கிளாரிஸ் கேமராவின் திரையைச் சிவகாமி பக்கம் திருப்பினாள். தாணுமூர்த்தி எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

படம் சாய்ந்திருந்தது. சுவரும் கதவும் ஒரு பக்கமாக விழப்போவதுபோல் நின்றன. நடுவில் ஒரு ஆள். பாதி முகம் வெளிச்சத்தில் இருந்தது. மறுபாதியில் கண் இருக்கும் இடம்கூட இருட்டு. வெளிச்சம் பட்ட பாதியில் கன்னம் உள்ளே போயிருந்தது. சவரம் செய்யாத தாடை வெள்ளையாக இருந்தது. கழுத்தில் சட்டை தொளதொளத்தது.

யாரோ என்றுதான் முதலில் நினைத்தார்.

சிவகாமி திரையை வெகுநேரம் பார்த்தாள். வாய் கோணி அசைந்தது. சொல் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

"மெலிஞ்சு… போனிய" என்றாள்.

தாணுமூர்த்தி அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கிளாரிஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனவளின் பின்னாலேயே அவரும் போனார்.

"டீச்சர், அந்தச் சன்னல் படம்?"

"மலை எங்கயும் போவாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மத்தியானம் சிவகாமி கண்ணயர்ந்ததும் தாணுமூர்த்தி கம்ப்யூட்டரைத் திறந்தார். சிவகாமி எடுத்த படத்தைப் போட்டார். கை தன்னால் பழகின இடத்துக்குப் போயிற்று. முதலில் சாய்வை நிமிர்த்தினார். பிறகு இருட்டுப் பக்கத்தை மெல்லத் தூக்கினார். கண்ணடியில் இருந்த கருமை கரைந்தது. கன்னக்குழி நிரம்பியது. சிரிக்காத முகம்கூட நிம்மதியாக இருப்பதுபோல் ஆயிற்று. நல்ல ஆரோக்கியமான, ஓய்வுபெற்ற ஒரு மனிதர்.

அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தார். இருட்டு திரும்பி வந்தது. சாய்வு திரும்பி வந்தது. இந்த வாரப் படமாக அதையே மகனுக்கு அனுப்பிவிட்டு, அரிசி களையப் போனார்.

சாயங்காலம் போன் அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அப்பா, என்ன படம் இது?"

"நான்தான்."

"அது தெரியுது. உடம்பு சரியில்லையா?"

"இருக்கேன்."

"ஏன் இப்படிக் கோணலா இருக்கு? யாரு எடுத்தா?"

"உங்கம்மை."

மகன் சிரித்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

"அம்மாவா? கேமரா பிடிக்கிற அளவுக்குத் தேறிட்டாளா? சொல்லவே இல்ல நீங்க. அப்புறம் ஏன் படம் சாஞ்சு கிடக்கு? ரெண்டு கையாலயும் நேராப் பிடிக்கச் சொல்லுங்கப்பா."

தாணுமூர்த்தி திரும்பிப் பார்த்தார். சிவகாமி மலையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிச் சொல்லிப் பழகினது நுனிநாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"அவளுக்கு ஒரு கைதான் மக்கா" என்றார். "மத்தது வராது."